பித்தப்பை அறுவை சிகிச்சை: துளை வழியாகவா, வயிற்றைத் திறந்தா? நீலகிரி மக்களின் கேள்விகளும் பதில்களும்

அறுவை அரங்கில் மயக்க மருந்து மருத்துவர் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்திருப்பார். நாடித் துடிப்பு ஏறுவதையும் ரத்த அழுத்தம் எகிறுவதையும் சர்க்கரை உயர்வதையும் முதலில் பார்ப்பவர் அவர்தான். உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களிலிருந்து பித்தப்பைக் கல்லோடு வருகிறவர்கள் அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் கேட்கும் கேள்விகளுக்கு, அந்த இடத்தில் இருந்து வேலை செய்யும் ஒருவரின் பதில்கள் இவை. சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் செலுத்திச் செய்யும் துளை வழி அறுவை (லேப்ராஸ்கோப்பி) நல்லது என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். எந்த வகையில் நல்லது, எந்த வகையில் வித்தியாசம் இல்லை என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கல் இருந்தாலே அறுவை செய்ய வேண்டுமா?

இல்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகத் தெரிந்த, எந்தத் தொந்தரவும் தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும் வலி திரும்பத் திரும்ப வந்தாலோ, பித்தப்பை வீங்கினாலோ, மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ வந்தாலோ எடுத்துவிடுவதே சரி. கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைப்பதில்லை. பையோடு சேர்த்தே எடுக்கிறோம்.

மயக்கத்தில் எனக்கு ஒன்றும் தெரியாதே. பிறகு உடல் எதற்குப் பதற வேண்டும்?

தெரியாமல் இருப்பது உங்களுக்குத்தான். நரம்புகள் விழித்துக்கொண்டுதான் இருக்கின்றன. தோலிலும் தசையிலும் கத்தி படும்போது கிளம்பும் செய்தி தண்டுவடம் வழியாக மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸுக்குப் போகிறது. அங்கிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கு உத்தரவு போகும். பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை விடும். அது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டி கார்ட்டிசாலைச் சுரக்க வைக்கும். அதே வேளையில் தானியங்கி நரம்புகள் அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் ரத்தத்தில் கொட்டும்.

நரம்பின் பங்கை 1959-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ரிச்சர்ட் எக்டால் நாய்களை வைத்துக் காட்டினார். நரம்பு அறுபடாத காலில் காயம் பட்டால் அட்ரினல் உடனே எதிர்வினை செய்தது. நரம்பை வெட்டிவிட்ட காலில் அதே காயம் பட்டபோது அட்ரினல் அசையவில்லை.

இது ஒரு வழி. இரண்டாவது வழி ரத்தத்தின் ஊடாகச் செல்வது. கிழிபட்ட திசுக்களில் உள்ள செல்கள் சைட்டோகைன் என்னும் வேதிப் பொருள்களை விடுகின்றன. அவற்றில் முக்கியமானது இன்டர்லூக்கின்-6. அது கல்லீரலைப் போய்ச் சேர்ந்ததும் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தை உற்பத்தி செய்கிறது. இன்டர்லூக்கின் சில மணி நேரத்திலேயே ஏறும். சி.ஆர்.பி. உச்சத்தைத் தொட இரண்டு நாள் வரை ஆகலாம். நரம்பு வழி, காயத்தின் வழி என்ற இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் வரும் பல பதில்கள் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

இந்த ஹார்மோன்கள் உடலில் என்ன செய்கின்றன?

அடிபட்டு, உணவு தேட முடியாமல் கிடக்கும் உயிரைப் பிழைக்க வைக்க ஏற்பட்ட ஏற்பாடு இது. கல்லீரல் சர்க்கரையை வெளியே விடும். இன்சுலின் சொல்வதைத் தசைகள் கேட்காது. தசைப் புரதம் கரைந்து எரிபொருளாகும். சிறுநீர் குறைந்து, உப்பும் நீரும் உடலில் தங்கும். ரத்தம் சீக்கிரம் உறையும். கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் 1930-களில் கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரைச் சோதித்தபோது, காயத்தின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத அளவில் நைட்ரஜன் வெளியேறுவதைக் கண்டார். காலில் மட்டும் அடிபட்டிருந்தாலும் உடல் முழுவதும் தசை கரைந்தது.

அறுவைக்குப் பிறகு சில வாரங்கள் விடாத அசதிக்கு இதுவும் ஒரு காரணம். "தையல் ஆறிவிட்டது, இன்னும் ஏன் படுத்தே கிடக்கிறாய்?" என்று வீட்டில் கேட்பவர்கள் இதைப் படித்தால் நல்லது.

அப்படியானால் துளை வழி அறுவையில் இந்தப் பதற்றம் குறைவா?

பாதி ஆம், பாதி இல்லை.

திறந்த அறுவையில் வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் நீளம் வரை வெட்டி, வயிற்றுத் தசைகளைப் பிளந்து உள்ளே போகிறோம். துளை வழியில் பொதுவாக நான்கு துளைகள். இரண்டு ஒரு சென்டிமீட்டர் அளவு, மற்ற இரண்டு அதில் பாதி. வயிற்றுச் சுவரில் ஏற்படும் காயம் பெருமளவு குறைந்துவிடுகிறது. அதனால் காயத்தின் வழியாக வரும் எதிர்வினை நன்றாகவே குறைகிறது. இன்டர்லூக்கின்-6, சி.ஆர்.பி. இரண்டும் திறந்த அறுவையைவிடத் துளை வழியில் தெளிவாகக் குறைவு என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் ஒரே குரலில் சொல்கின்றன.

கார்ட்டிசாலும் அட்ரினலினும் அப்படி இல்லை. அறுவை நடக்கும் நாளில் இரண்டு முறைகளிலும் அவை ஏறத்தாழ ஒரே மாதிரிதான் ஏறுகின்றன. காரணம் எளிமையானது. வெளியே வெட்டு சிறியதாக இருந்தாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். பித்தப்பையைக் கல்லீரலின் அடியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அதன் குழாயையும் ரத்தக் குழாயையும் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். வயிற்றின் உள்ளுறையையும் உறுப்புகளையும் இழுக்கும்போது கிளம்பும் நரம்புச் செய்தி இரண்டிலும் உண்டு. போதாததற்குத் துளை வழியில் வயிற்றை வாயுவால் உப்ப வைக்கிறோம்.

தழும்பு சிறியது என்பதால் "இது சின்ன ஆபரேஷன்தானே" என்று அலட்சியமாக வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. இதய நோயும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு அறுவை அரங்கில் கழியும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம் எந்த முறையிலும் சின்னது அல்ல.

அந்த வாயு என்ன? உள்ளேயே தங்கிவிடுமா?

கரியமில வாயு. கருவிகள் நடமாட இடம் வேண்டும் என்பதால், பாதரச அளவில் 12 முதல் 15 மில்லிமீட்டர் அழுத்தத்தில் அதை நிரப்புகிறோம். அது தீப்பற்றாது, ரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சு வழியாக வெளியேறிவிடும். அறுவை முடிந்ததும் பெரும்பகுதியை வெளியேற்றிவிடுகிறோம். மீதி சில நாட்களில் கரைந்துபோகும்.

ஆனால் அது சும்மா இருப்பதில்லை. உதரவிதானத்தை மேலே தள்ளும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கும். ரத்தக் குழாய்களை இறுகச் செய்யும். வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சட்டென்று எகிறும். இதயம் பலவீனமானவர்களுக்கு அழுத்தத்தைக் குறைத்து வைத்து, மெதுவாக நிரப்பச் சொல்வோம்.

மறுநாள் வலது தோளில் வலிக்கிறது என்று பலர் பயந்துபோகிறார்கள். உதரவிதானத்துக்கும் தோளுக்கும் கழுத்துப் பகுதியில் ஒரே நரம்பு வேர்கள் என்பதால் வரும் வலி அது. எழுந்து நடந்தால் ஓரிரு நாளில் போய்விடும்.

உதகை உயரமான ஊர். அதனால் ஏதாவது வேறுபாடு உண்டா?

உண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். இங்கேயே வாழ்கிறவர்களின் உடல் அதற்குப் பழகியிருக்கிறது. நல்ல நுரையீரல் உள்ளவருக்குப் பிரச்சினை இல்லை.

விலாவுக்குக் கீழே வெட்டினால் கதை மாறும். மூச்சை ஆழமாக இழுத்தால் வலிக்கும் என்பதால் நோயாளி மேலோட்டமாகவே சுவாசிப்பார். திறந்த அறுவைக்கு மறுநாள் நுரையீரலின் கொள்ளளவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். துளை வழியில் கால் பங்கு அளவே குறையும். அடுப்புப் புகையில் பல ஆண்டுகள் சமைத்த பெண்களுக்கும் பீடி பிடிக்கும் ஆண்களுக்கும் மலைமேல் இந்த வித்தியாசம் பெரியது. துளை வழியை நான் விரும்புவதற்கு ஹார்மோனைவிட நுரையீரலே வலுவான காரணம். எந்த முறையானாலும் இவர்களுக்கு முதல் இரவு ஆக்சிஜன் கொடுத்து, விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி வைப்பது நல்லது. உட்கார்ந்து, தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு, மணிக்கு ஒருமுறை பத்துத் தடவை ஆழமாக மூச்சிழுக்கப் பழகுங்கள். அறுவைக்கு முன்பே பழகினால் இன்னும் நல்லது.

குளிர்?

இதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். மயக்கம் கொடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் உடலின் உள் வெப்பம் ஒரு டிகிரி, சில சமயம் அதற்கும் மேல் இறங்கும். விழித்ததும் உடல் நடுங்கும். நடுக்கம் ஆக்சிஜனைத் தின்னும், நார்அட்ரினலினை ஏற்றும், இதயத்தைச் சோதிக்கும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் ஊரில் இது வெறும் சௌகரியப் பிரச்சினை அல்ல. காத்திருக்கும் அறையிலேயே கம்பளி போர்த்தி, குல்லாயும் காலுறையும் போட்டு உடலைச் சூடாக வைத்துக்கொண்டு வாருங்கள். உள்ளே வெந்நீர்ப் போர்வை, சூடாக்கிய குளுக்கோஸ், சூடான காற்றுப் போர்வை எது இருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள்.

எங்கள் டாக்டர் சின்னதாகக் கிழித்து எடுக்கிறேன் என்கிறார். அது காலாவதியான முறையா?

இல்லை. பித்தப்பையை முதன்முதலில் வெற்றிகரமாக எடுத்தவர் பெர்லினில் கார்ல் லாங்கன்புக், 1882-இல். துளை வழியாக முதலில் எடுத்தவர் ஜெர்மனியின் எரிக் மூஹே, 1985-இல். இந்தியாவில் 1990-இல் மும்பையில் தெஹம்தன் உத்வாடியா தொடங்கி வைத்தார். அதன்பின் இந்த முறை காட்டுத்தீயாகப் பரவியதால் சரியான ஒப்பீடு நடக்கும் முன்பே உலகம் முடிவெடுத்துவிட்டது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1996-இல் வெளியான ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 200 பேரில் ஒரு பகுதியினருக்குத் துளை வழியாகவும் மற்றவர்களுக்குச் சிறிய வெட்டின் வழியாகவும் அறுவை செய்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கட்டுப் போட்டுக் காயத்தை மறைத்தார்கள். எந்த முறை என்பது நோயாளிக்கும் தெரியாது, கவனித்துக்கொண்ட செவிலியருக்கும் தெரியாது. மருத்துவமனையில் தங்கிய நாட்களிலும் வேலைக்குத் திரும்பிய காலத்திலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. துளை வழிக்கு அரங்கில் நேரம்தான் அதிகம் பிடித்தது.

எனவே நீளமான பழைய வெட்டோடு ஒப்பிட்டால் துளை வழி தெளிவாக மேல். கைதேர்ந்தவர் போடும் சிறிய வெட்டோடு ஒப்பிட்டால் இடைவெளி சுருங்கிவிடும். சீக்கிரம் தேறுவதில் ஒரு பங்கு, சீக்கிரம் தேறிவிடுவோம் என்று எல்லோரும் எதிர்பார்ப்பதாலும் வருகிறது.

அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. அவருக்கு எது நல்லது?

முடிந்தால் துளை வழி. திறந்த அறுவைக்கு மறுநாள் இன்சுலினின் செயல்திறன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். துளை வழியில் இந்தக் குறைவு சிறியது. ஆனால் இல்லாமல் போவதில்லை. சர்க்கரையே இல்லாதவருக்கும் அன்று 150, 160 என்று ஏறலாம். அம்மாவுக்கு மாத்திரையை நிறுத்திச் சில நாள் இன்சுலின் கொடுக்க வேண்டி வரலாம். "இனி ஆயுளுக்கும் ஊசியா?" என்று அவர் கலங்க வேண்டாம். பெரும்பாலும் உடல் அடங்கியதும் பழைய மாத்திரைக்கே திரும்பலாம். காலையில் முதல் அறுவையாக அவரை எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள். பட்டினி நேரம் குறையும்.

எவ்வளவு நேரம் பட்டினி இருக்க வேண்டும்? டீயாவது குடிக்கலாமா?

முந்தின இரவு எட்டு மணியோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மறுநாள் மதியம் வரை வறண்ட நாக்கோடு படுத்திருக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது தேவையில்லை, தீமையும் கூட. பட்டினி, இன்சுலின் எதிர்ப்பை இன்னும் கூட்டும். திட உணவும் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன் நிற்க வேண்டும். தண்ணீர் போன்ற தெளிந்த பானங்கள் இரண்டு மணி நேரம் முன்பு வரை ஆகும். தேயிலை விளையும் ஊரில் இருக்கிறோம்: பால் சேர்க்காமல் சர்க்கரை போட்ட கட்டன் டீ தெளிந்த பானம்தான். பால் டீ உணவுக் கணக்கு. நெடுநாள் சர்க்கரை நோயால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறவர்களுக்கும் வாந்தியோடு வருகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு மாறும். அவர்கள் தங்கள் மயக்க மருந்து மருத்துவர் சொல்வதையே பின்பற்ற வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் அரிவாள் செல் நோய் இருக்கிறது. தம்பிக்கு இருபது வயதிலேயே கல். ஏன்? அவனுக்கு என்ன செய்ய வேண்டும்?

நீலகிரியில் இந்தக் கேள்விக்குத் தனி இடம் கொடுத்தாக வேண்டும். இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதலில் கண்டறியப்பட்டதே 1952-இல், நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இது இன்றும் இருக்கிறது.

இந்த நோயில் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைகின்றன. உடைந்த அணுக்களின் நிறமியான பிலிரூபின் பித்தத்தில் சேர்ந்து கருநிறக் கல்லாகிறது. அதனால்தான் சிறுவயதிலேயே கல். கொழுப்புச் சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தம்பியைத் திட்டாதீர்கள்.

அரிவாள் வடிவச் செல்கள் குளிரிலும், நீர் குறைந்தாலும், ஆக்சிஜன் குறைந்தாலும், ரத்தத்தில் அமிலம் கூடினாலும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அறுவையின் பதற்றம் இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுவரும். கடும் வலி வரலாம். மார்புப் பகுதியில் சிக்கல் வந்தால் உயிருக்கே ஆபத்து. துளை வழியில் வெட்டும் வலியும் குறைவு, வீடு திரும்புவதும் சீக்கிரம். ஆனால் அரிவாள் செல்லால் வரும் சிக்கல்கள் துளை வழியிலும் நேர்கின்றன. கரியமில வாயு ரத்தத்தின் அமிலத்தைச் சற்றுக் கூட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. முறையைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருக்க முடியாது.

முன்கூட்டியே ரத்தம் ஏற்றி ஹீமோகுளோபினைச் சுமார் 10 கிராமுக்குக் கொண்டுவருவது வழக்கம். முந்தின இரவே குளுக்கோஸ் ஏற்றித் தாகமில்லாமல் வைக்க வேண்டும். உடல் சூடு, ஆக்சிஜன், வலி நிவாரணம் மூன்றும் இரண்டு மூன்று நாள் விடாமல் வேண்டும். பித்தப்பை சீழ் பிடித்து அவசரமாக ஓடி வரும் வரை காத்திருக்காமல், உடல் நன்றாக இருக்கும்போது திட்டமிட்டுச் செய்வது மேல். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறது. அங்கே பதிவிருந்தால் அந்த அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். மரபணுவை மட்டும் சுமந்து நோய் இல்லாமல் இருப்பவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

ஆஸ்துமாவுக்கு நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன்.

கட்டாயம் சொல்லுங்கள். நெடுநாள் பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கலாம். எல்லோருக்கும் ஏறும் கார்ட்டிசால் உங்களுக்கு ஏறாமல் ரத்த அழுத்தம் சரியும். அன்று ஸ்டீராய்டை ஊசியாகக் கொடுத்துச் சமாளிக்கலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

முதுகில் ஊசி போட்டால் இந்தப் பதற்றத்தை முழுவதும் தடுக்கலாமா?

இடுப்புக்குக் கீழே செய்யும் அறுவைகளில் பெருமளவு தடுக்கலாம். மேல்வயிற்றில் முடியாது. உதரவிதானத்தின் நரம்பும் வேகஸ் நரம்பும் தண்டுவடத்தில் ஊசி மரக்கச் செய்யும் பகுதியைத் தொடாமலே செய்தி கொண்டு போகின்றன. ஆனாலும் திறந்த அறுவையில் முதுகு ஊசி வலியை நன்றாகக் குறைக்கும்; ஆழமாக மூச்சிழுக்க உதவும். துளை வழியில் துளைகளைச் சுற்றி மரப்பு மருந்து, பாராசிட்டமால், ஒரு வேளை டெக்ஸாமெத்தசோன் ஆகியவை சேர்ந்தாலே வலியும் குமட்டலும் வெகுவாக அடங்கும். டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் 1990-களில் வலியுறுத்தியதும் இதைத்தான்: ஒரே மருந்தால் இந்தப் பதற்றத்தை அடக்க முடியாது, வலி நிவாரணம், சூடு, சீக்கிரம் சாப்பிடுவது, சீக்கிரம் நடப்பது எல்லாம் ஒன்றுசேர வேண்டும்.

துளை வழி என்று தொடங்கிப் பாதியில் வயிற்றைத் திறந்துவிட்டார்கள். தவறு நடந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. திட்டமிட்ட அறுவையில் நூறு பேரில் ஐந்து பேர் வரை இப்படி ஆகலாம். வீங்கிப்போன பித்தப்பையில் இன்னும் அதிகம். உறுப்புகள் ஒட்டிக்கொண்டு பித்தக்குழாய் எது என்று தெளிவாகத் தெரியாதபோது திறந்து பார்ப்பது நல்ல மருத்துவரின் அடையாளம். தவறான குழாயை வெட்டிவிட்டால் வரும் துன்பத்தோடு ஒப்பிட்டால் ஒரு சாண் தழும்பு ஒன்றுமே இல்லை. அனுமதிப் படிவத்தில் இது எழுதப்பட்டிருக்கும். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

கொழுந்து பறிக்க எப்போது போகலாம்? கோவையில் அறுவை செய்தால் எப்போது மலை ஏறலாம்?

துளை வழியில் வீட்டு வேலையை ஒரு வாரத்தில் தொடங்கலாம். சரிவில் ஏறி இறங்கி, முதுகில் கொழுந்தைச் சுமக்கும் வேலைக்கு மூன்று வாரமாவது பொறுங்கள். திறந்த அறுவை என்றால் ஆறு வாரம். சட்டைக்குள் தழும்பு தெரியாது என்பதால் எஸ்டேட்டில் விடுப்புத் தர யோசிப்பார்கள். எத்தனை நாள் என்று மருத்துவரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் முட்டை, பருப்பு, அவரை, மீன் என்று புரதம் தினமும் தட்டில் இருக்கட்டும். கரைந்த தசையை மீட்க வெறும் கஞ்சி போதாது.

சாதாரணமாகச் சாப்பிட்டு, நடந்து, சிறுநீர் கழித்துவிட்டால் துளை வழி அறுவையின் மறுநாளே காரில் மலை ஏறலாம். வளைவுகளில் குமட்டும், வாந்தி எடுத்தால் தையல் இழுக்கும். வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு, முன் இருக்கையில் அமர்ந்து, வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு எதற்குப் பயப்பட வேண்டும்?

ஒவ்வொரு நாளும் நேற்றைவிடச் சற்று நன்றாக இருக்க வேண்டும். வலி கூடிக்கொண்டே போவது, 38 டிகிரி செல்சியஸுக்கு (100.4 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சளாவது, மலம் வெளுப்பது, வயிறு உப்பி வாந்தி நிற்காமல் போவது, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் அறுவை செய்த மருத்துவமனைக்கு உடனே போன் செய்யுங்கள். துளை வழி அறுவையில் பித்தநீர்க் கசிவு வீடு திரும்பிய சில நாள் கழித்தே தெரியவரலாம். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவதில் உள்ள சங்கடம் இது. மசினகுடி, பந்தலூர்ப் பக்கம் உள்ளவர்கள் இரவில் யானை நடமாட்டத்தை நினைத்து விடியட்டும் என்று இருந்துவிடுகிறார்கள். மாலையிலேயே சந்தேகம் தோன்றினால் இருட்டும் முன் கிளம்பிவிடுங்கள். இருட்டிவிட்டால் 108-ஐ அழையுங்கள். அறுவை நடந்த தேதியையும் எந்த முறை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.